காக்பிட் கருவிகளும் பறப்புக்கு முந்தைய பரிசோதனையும்: பயிற்றுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாகப் பயிற்றுநர் ஆனவர்கள் பாடம் தயாரிக்க உட்காரும்போது கேட்கும் கேள்விகள் இவை. ஒற்றை பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறிய பயிற்சி விமானத்தை மனதில் வைத்துத்தான் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எண்கள் விமானத்துக்கு விமானம் மாறும். உங்கள் விமானத்தின் கையேடு ஒன்று சொல்லி இங்கே வேறு இருந்தால், கையேடு சொல்வதே சரி.

முதலில் கருவிகளை நடத்துவதா, வெளிச் சுற்றுப் பரிசோதனையை நடத்துவதா?

இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் பிரிப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. வகுப்பறையில் வேகமானி, உயரமானி என்று படம் போட்டு நடத்திவிட்டு, இன்னொரு நாள் வெளியே போய் "இது பிட்டோ குழாய், எதிர்க்காற்றின் அழுத்தத்தை வேகமானிக்குக் கொண்டுபோவது, அடைப்பு இருக்கிறதா பார்" என்று சொன்னால், மாணவர் மனதில் இரண்டும் சம்பந்தமில்லாத இரண்டு பட்டியல்களாகவே தங்கும். தேர்வில் இரண்டையும் ஒப்பித்துவிடுவார். ஓடுபாதையில் ஓடும்போது வேகமானி முள் அசையாவிட்டால் மட்டும் என்ன நடக்கிறது என்று புரியாது.

அதனால் இணைத்தே நடத்துங்கள். மாணவரைப் பிட்டோ குழாய் முன் நிறுத்துங்கள். "இந்தத் துளை அடைபட்டால் உள்ளே எந்த முள் பொய் சொல்லும்?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேள்வியோடு அவரைக் காக்பிட்டுக்குள் அழைத்துப் போய் உட்கார வையுங்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்க வேண்டும்: இது கெட்டிருந்தால் எனக்கு எங்கே, எப்படித் தெரியும்? பாடத்திட்டத்தை இந்தக் கேள்வியிலிருந்து பின்னோக்கி எழுதினால் என்ன சேர்ப்பது, என்ன விடுவது என்பது தானாகவே தெளிவாகும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று உண்டு. விமானத்தை நெருங்குவது எப்படி, ப்ரொப்பெல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே நினைப்பது எப்படி என்பதை முதல் நாளே, முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். சாவி கையில் இருந்தாலும், எஞ்சின் அணைந்திருந்தாலும் ப்ரொப்பெல்லர் சுழலும் தளத்துக்குள் கை, தலை எதுவும் போகக் கூடாது.

ஆறு கருவிகளையும் எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது?

பலகையில் இருக்கும் வரிசையில் வேண்டாம். மேல் வரிசையில் வேகமானி, ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் (தொடுவானத்தோடு ஒப்பிட்டு விமானத்தின் சாய்வைக் காட்டுவது), உயரமானி. கீழ் வரிசையில் டர்ன் கோ-ஆர்டினேட்டர் (திரும்புவதைக் காட்டுவது, அதன் அடியில் சறுக்கலைக் காட்டும் ஒரு பந்தும் உண்டு), ஹெடிங் இண்டிகேட்டர் (மூக்கு நோக்கும் திசையைக் காட்டுவது), செங்குத்து வேகமானி (ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டுவது). இடமிருந்து வலமாகப் போனால் ஒன்றுக்கு அடுத்தது வேறொரு தத்துவத்தில் ஓடுவதாக இருக்கும்.

எதை வைத்து ஓடுகிறது என்று பாருங்கள். காற்றழுத்தத்தில் ஓடுபவை மூன்று: வேகமானி, உயரமானி, செங்குத்து வேகமானி. ஜைரோவில், அதாவது வேகமாகச் சுழலும் சக்கரத்தில், ஓடுபவை மூன்று: ஆட்டிட்யூட், ஹெடிங், டர்ன். தனியாக நிற்பது காந்தத் திசைகாட்டி. ஜைரோ மூன்றிலும் பெரும்பாலான பழைய பயிற்சி விமானங்களில் ஆட்டிட்யூடும் ஹெடிங்கும் காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப்பில் ஓடும், டர்ன் கோ-ஆர்டினேட்டர் மின்சாரத்தில் ஓடும். ஒரே நேரத்தில் மூன்றும் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரிவு மனதில் நின்றால் மாணவர் கோளாறைக் கூட்டமாகப் பார்க்கப் பழகுவார். ஆட்டிட்யூடும் ஹெடிங்கும் சேர்ந்து சாய ஆரம்பித்தால் அவர் கண் தானாகச் சக்‌ஷன் கேஜுக்கு, அதாவது அந்தப் பம்ப்பின் உறிஞ்சலை அளக்கும் கருவிக்கு, போகும். உயரமானி உறைந்து, செங்குத்து வேகமானி பூஜ்யத்தில் நின்றால், வெளிக்காற்றின் அழுத்தத்தை இந்தக் கருவிகளுக்குக் கொண்டுவரும் ஸ்டேட்டிக் துளை நினைவுக்கு வரும்.

ஒரு பாடம் எப்படி இருக்க வேண்டும் என்று உதாரணம் காட்ட முடியுமா?

பிட்டோ-ஸ்டேட்டிக் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஐம்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள். "பிட்டோ-ஸ்டேட்டிக் அமைப்பைப் புரிந்துகொள்ளுதல்" என்று எழுதாதீர்கள். புரிந்ததா இல்லையா என்று அளக்க வழியே இல்லை. "பிட்டோ அடைப்பு, ஸ்டேட்டிக் அடைப்பு இரண்டிலும் மூன்று கருவிகளும் என்ன காட்டும் என்பதை மாணவர் படம் பார்க்காமல் சொல்லி, அடுத்துச் செய்ய வேண்டியதையும் செய்து காட்டுவார்" என்று எழுதுங்கள். அளவுகோலும் இதிலேயே வந்துவிட்டது.

முதல் பதினைந்து நிமிடம் விமானத்துக்கு வெளியே. பிட்டோ குழாயின் முன்துளை, அதில் நீர் வடியும் சிறு துளை, உடற்பகுதியின் பக்கவாட்டில் உள்ள ஸ்டேட்டிக் துளை ஆகியவற்றை மாணவரே கண்டுபிடிக்கட்டும். ஸ்டேட்டிக் துளை மிகச் சிறியது. முதல் தடவை பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். போகட்டும், திரும்பி வந்து தேடட்டும். தானாகத் தேடிக் கண்டுபிடித்ததை யாரும் மறப்பதில்லை. குழாயில் வாயை வைத்து ஊதிப் பார்க்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். வேகமானியின் உள்ளே இருக்கும் மெல்லிய உறை அந்த அழுத்தத்தில் கெட்டுவிடும்.

அடுத்த இருபது நிமிடம் பலகையிலோ தாளிலோ. மூன்று நிலைமைகள் போதும். ஒன்று, முன்துளை அடைபட்டு நீர்த்துளை திறந்திருக்கிறது: உள்ளே இருந்த அழுத்தம் கசிந்து வெளியழுத்தத்துக்குச் சமமாகிவிடும், வேகமானி பூஜ்யத்துக்கு இறங்கும். இரண்டு, இரண்டு துளையுமே அடைபட்டுவிட்டன: அழுத்தம் உள்ளே சிறைப்பட்டுவிட்டதால் வேகமானி உயரமானி மாதிரி நடந்துகொள்ளும். மேலே ஏறினால் வேகம் கூடுவதாகக் காட்டும், இறங்கினால் குறைவதாகக் காட்டும். மூன்று, ஸ்டேட்டிக் அடைபட்டது: உயரமானி அப்படியே நிற்கும், செங்குத்து வேகமானி பூஜ்யம் காட்டும், வேகமானி அடைபட்ட உயரத்துக்கு மேலே போனால் குறைத்தும், கீழே வந்தால் கூட்டியும் காட்டும்.

இரண்டாவது நிலைமையில் கொஞ்சம் நில்லுங்கள். ஆபத்து அதில்தான் ஒளிந்திருக்கிறது. மேலே ஏறும்போது வேகம் கூடுகிறது என்று காட்டினால் விமானி என்ன செய்வார்? மூக்கை இன்னும் தூக்குவார். உண்மையில் வேகம் குறைந்துகொண்டே போய் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். மாணவரை இதைத் தன் வாயால் சொல்லவையுங்கள். நீங்கள் சொல்லிவிட்டால் பாதிப் பயன் போய்விடும்.

மீதி நேரம் காக்பிட்டில். ஒவ்வொரு கருவியையும் ஒரு சிறு தாளால் மூடி, "வேகமானி இல்லை, இப்போது என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். பவர், மூக்கின் நிலை இரண்டையும் தெரிந்த அளவுகளில் வைத்தால் வேகம் தானாக வரும் என்ற பதிலுக்கு அவர் வர வேண்டும். மாற்று ஸ்டேட்டிக் வால்வு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கை வைக்கச் சொல்லுங்கள். அதைத் திறந்தால் உள்ளறைக் காற்றின் அழுத்தம் பொதுவாக வெளியைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதால், உயரமும் வேகமும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விபத்துக் கதைகளைப் பாடத்தில் சேர்க்கலாமா? பயந்துவிட மாட்டார்களா?

சேர்க்கலாம். ஆனால் ஒரு பாடத்துக்கு ஒன்று, அதுவும் அன்றைய பரிசோதனையோடு நேராகப் பொருந்துவது மட்டும். மேலே சொன்ன பாடத்துக்கு 1996-இல் நடந்த இரண்டு விபத்துகள் அப்படியே பொருந்தும். இரண்டுமே போயிங் 757. பிப்ரவரி 6-ஆம் தேதி டொமினிகன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பிர்கென்ஏர் 301-இல் ஒரு பிட்டோ குழாய் அடைபட்டிருந்தது. பூச்சி கூடு கட்டியிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. விமானம் பல நாட்கள் குழாய்க்கு உறை போடாமல் நின்றிருந்தது. 189 பேர் இறந்தார்கள். அக்டோபர் 2-ஆம் தேதி லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603-இல், விமானத்தைக் கழுவும்போது ஸ்டேட்டிக் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். 70 பேர் இறந்தார்கள்.

கதையைச் சொல்லி முடித்ததும் மாணவரை மறுபடி அந்தத் துளையிடம் அழைத்துப் போங்கள். விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பயம் வருவதில் தப்பில்லை, அந்தப் பயத்துக்குச் செய்ய ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும்.

உயரமானியில் அழுத்தம் மாற்றி வைப்பது மாணவர்களுக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

சூத்திரத்தை விட்டுவிட்டு, அழுத்தத்தை மாற்றும் குமிழைக் கையில் கொடுங்கள். நின்ற விமானத்தில் உட்கார்ந்து அழுத்த எண்ணைக் கூட்டினால் காட்டும் உயரமும் கூடுகிறது, குறைத்தால் குறைகிறது. இதை அவர் நாலைந்து முறை திருகிப் பார்க்கட்டும். தாழ்வான உயரங்களில் 1 ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 30 அடி.

அப்புறம் ஒரு கணக்கு. அழுத்தம் 1018 உள்ள இடத்தில் சரியாக வைத்துக்கொண்டு கிளம்பி, 1003 உள்ள இடத்துக்குப் போகிறார். மாற்றி வைக்கவில்லை. உயரமானி 2000 அடி காட்டுகிறது. உண்மையில் எவ்வளவு? 15 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம், ஏறத்தாழ 450 அடி. ஆக 1550 அடியில்தான் பறக்கிறார். வழியில் 1600 அடிக் குன்று ஒன்று இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். மீதியை அவரே சொல்வார்.

கிளம்பும் முன் உள்ளூர் அழுத்தத்தை வைத்ததும் உயரமானி காட்டுவது விமான நிலையத்தின் உயரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் ஒரு பரிசோதனையே. 75 அடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கருவியைச் சந்தேகப்பட வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு.

ஜைரோ தத்துவத்தை எவ்வளவு ஆழமாக நடத்துவது?

கொஞ்சம் போதும். விறைப்பு (சுழலும் அச்சு திசை மாறாமல் நிற்பது), பிரிசஷன் (தள்ளினால் தள்ளிய திசைக்குக் குறுக்கே சாய்வது) இரண்டையும் ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அச்சைப் பிடிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் கை உணர்ந்துவிடும். அதற்கு மேல் போனால் இயற்பியல் வகுப்பாகிவிடும்.

நேரம் செலவழிக்க வேண்டியது டாக்ஸி செய்யும்போது, அதாவது விமானத்தைத் தரையில் ஓட்டிப்போகும்போது, பார்க்கும் பரிசோதனையில். இடப்பக்கம் திரும்பும்போது டர்ன் கோ-ஆர்டினேட்டர் இடப்பக்கம் சாய வேண்டும், பந்து வலப்பக்கம் ஓட வேண்டும், ஹெடிங்கும் திசைகாட்டியும் குறைய வேண்டும், ஆட்டிட்யூட் நேராக நிற்க வேண்டும். வலப்பக்கம் திரும்பினால் எல்லாம் எதிர்மாறு. மாணவர் "இடது, பந்து வலது, எண் குறைகிறது, தொடுவானம் நேர்" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். ஒரு சின்ன எச்சரிக்கை: இதைப் பார்க்கிறேன் பேர்வழி என்று தலையைக் குனிந்துகொண்டு டாக்ஸி செய்பவர்கள் உண்டு. பார்வை வெளியே, கருவிக்கு ஒரு நொடி, மறுபடி வெளியே.

ஹெடிங் இண்டிகேட்டர் மெல்ல மெல்ல விலகிப்போகும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை திசைகாட்டியோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். நேராக, சமமாக, வேகம் மாறாமல் பறக்கும்போதுதான் அதைச் செய்ய வேண்டும்.

அப்படியானால் திசைகாட்டிப் பிழைகளை உருப்போட வைக்கலாமா?

எழுத்துத் தேர்வுக்காக உருப்போடத்தான் செய்வார்கள், தடுக்க முடியாது. வட அரைக்கோளத்தில் கிழக்கு அல்லது மேற்கு நோக்கிப் பறக்கும்போது வேகம் கூட்டினால் திசைகாட்டி வடக்கே போவதுபோலக் காட்டும், குறைத்தால் தெற்கே. வடக்கு நோக்கிப் பறந்து திரும்பத் தொடங்கினால் முதலில் எதிர்ப்பக்கம் திரும்புவதாகக் காட்டும். தெற்கு நோக்கிப் பறக்கும்போது திரும்பினால் முந்திக்கொண்டு ஓடும். தென் அரைக்கோளத்தில் இவை தலைகீழ். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் பறப்பவர்களுக்கு இந்தப் பிழை அவ்வளவாகக் கண்ணில் படாது, அதனால் "புத்தகம் பொய் சொல்கிறது" என்று நினைக்கக்கூடும். காந்தப்புலம் அங்கே தரையை நோக்கிச் சாயாமல் கிடையாக ஓடுவதுதான் காரணம் என்று சொல்லிவிடுங்கள்.

எங்கள் பயிற்சி விமானத்தில் முள் கருவிகளே இல்லை, திரைகள்தான். இதெல்லாம் தேவையா?

தேவை. திரைக்குப் பின்னாலும் அதே பிட்டோ குழாய், அதே ஸ்டேட்டிக் துளைதான். ஜைரோவுக்குப் பதில் மின்னணு உணரிகள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். கார்மின் ஜி1000 போன்ற அமைப்பில் ஒரு தகவல் போய்விட்டால் அந்த இடத்தில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி விழும். மாணவருக்கு அது வசதி: கெட்டதைத் திரையே சொல்லிவிடுகிறது. ஆனால் அடைபட்ட பிட்டோவுக்குச் சிவப்புக் குறி கட்டாயம் வரும் என்று நம்பிவிடக் கூடாது. அமைப்புக்கு அழுத்தம் ஒன்று வந்துகொண்டிருக்கும்வரை, அது பொய்யான அழுத்தமாக இருந்தாலும் ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

திரையில் பாடம் நடத்தும்போது வரும் தனிச் சிக்கல், கண் உள்ளேயே ஒட்டிக்கொள்வது. வேகம், உயரம் இரண்டும் ஓடும் எண்களாக இருப்பதால் அவற்றைத் துல்லியமாகப் பிடிக்கும் ஆசை வந்துவிடும். வெளிப்பார்வைப் பறப்பில் ஆரம்ப சில பாடங்களுக்குத் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தோ தாளால் மூடியோ விடுவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. பட்டன் வரிசை பழக்குவதற்குத் தரையில் வெளி மின்சாரம் கொடுத்தோ கணினிப் பயிற்சி மென்பொருளிலோ செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது பட்டன் பாடம் நடத்துவது எரிபொருளுக்கும் பொறுமைக்கும் கேடு.

வெளிச் சுற்றுப் பரிசோதனையின் முதல் பாடத்தில் எவ்வளவு காட்டுவது?

முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். அன்றைக்குப் பறப்பை வைத்துக்கொள்ளாதீர்கள். பறக்கப் போகும் ஆர்வத்தில் மாணவர் இறக்கையைப் பார்ப்பார், ஆனால் மனது ஏற்கெனவே மேலே போயிருக்கும்.

நீங்கள் ஒரு சுற்று செய்து காட்டுங்கள், பேசிக்கொண்டே. இரண்டாவது சுற்றில் மாணவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். மூன்றாவதில் அவரே செய்துகொண்டு பேசட்டும், நீங்கள் வாய் திறக்காதீர்கள். மூன்றாவதில் வாயை மூடிக்கொள்வதுதான் புதுப் பயிற்றுநர்களுக்கு மிகக் கடினம்.

"டயர் பார்" என்றால் என்ன பார்ப்பது? காற்று, தேய்மானம், நூல் வெளியே தெரிகிறதா, பிரேக் எண்ணெய் கசிந்த ஈரம் உண்டா, டயர் வளையத்தில் வழுக்கியிருக்கிறதா. "எய்லரான் பார்" (இறக்கையின் பின்விளிம்பில் விமானத்தைச் சாய்க்கும் பலகை) என்றால் கையால் அசைத்து, கீலின் முள், அதைப் பூட்டும் பின், எதிர்எடை, எதிர்ப்பக்க எய்லரான் மாறிப் போகிறதா. ரிவெட்டுகளைச் சுற்றிக் கறுத்த புகைபோன்ற கோடு தெரிந்தால் அந்த ரிவெட் தளர்ந்து உரசுகிறது என்று அர்த்தம். ஒரு பழைய விமானத்தில் அப்படி ஒன்றைத் தேடிக் காட்டிவிட்டால் அப்புறம் எந்த விமானத்தைப் பார்த்தாலும் மாணவரின் கண் முதலில் அங்கேதான் போகும். எஞ்சின் உறைக்குள் காற்று புகும் வாய்களில் பறவைக் கூடு. எண்ணெய் அளவு குறைந்தபட்சத்துக்கு மேல் இருக்கிறதா, மூடி இறுக மூடியிருக்கிறதா. நின்ற விமானத்தில் கட்டுப்பாடுகள் அசையாமல் பூட்டும் கன்ட்ரோல் லாக் எடுத்தாயிற்றா.

கையில் தாள் இருக்கட்டும், ஆனால் தாளைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டாம். ஒரு பகுதியைப் பார்த்து முடித்துவிட்டு, நின்று, தாளை எடுத்து விட்டுப்போனது உண்டா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள்.

எரிபொருளுக்குத் தனிப் பாடம் வேண்டுமா?

வேண்டும். குறைந்தது அரை மணி நேரம்.

அளவு: கேஜை நம்ப வேண்டாம், தொட்டி மூடியைத் திறந்து அளவுக் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். கேஜும் குச்சியும் ஒத்துப்போகாவிட்டால் குச்சி சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தரம்: வடித்தெடுத்த மாதிரியை வெள்ளைப் பின்னணியில் பிடித்துப் பார்க்க வேண்டும். 100 எல்எல் அவ்கேஸ் (பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கான பெட்ரோல்) நீல நிறம். தண்ணீர் கனமானது, அடியில் குமிழாக உட்காரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: கோப்பை முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் பிரிகோடு தெரியாது, "சுத்தமாக இருக்கிறது சார்" என்பார் மாணவர். அதனால் கோடு இருக்கிறதா என்று தேடும் முன் நீல நிறம் இருக்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். முகர்ந்தும் பார்க்கட்டும். ஜெட் எரிபொருள் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஒரு துளியைத் தாளில் விடுங்கள். அவ்கேஸ் ஆவியாகிப் போய்விடும், ஜெட் எரிபொருள் எண்ணெய்க் கறையை விட்டுவைக்கும். வடிக்கும் இடங்களை எண்ணச் சொல்லுங்கள். செஸ்னா 172எஸ்ஸில் இறக்கைக்கு ஐந்தாக, எஞ்சின் பக்கம் மூன்று சேர்த்து மொத்தம் 13.

அலகு: லிட்டர், கேலன், பவுண்டு, கிலோ. 1983 ஜூலை 23-ஆம் தேதி ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லியில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கி இறங்கியது. எரிபொருள் கேஜ்கள் வேலை செய்யவில்லை. கையால் கணக்குப் போட்டபோது கிலோவுக்குப் பதில் பவுண்டுக்கான எண்ணைப் பயன்படுத்திவிட்டார்கள். தேவையானது 22,300 கிலோ. அதில் பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தது. எல்லோரும் பிழைத்தார்கள். மாணவர் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகு இல்லாவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செக்லிஸ்ட்டை மனப்பாடம் செய்யவைப்பதா, பார்த்துப் படிக்கவைப்பதா?

இரண்டும் வெவ்வேறு இடங்களுக்கு. சாதாரணப் பரிசோதனைகளில் கை ஒரு ஒழுங்கில் ஓடி முடித்துவிடும், அப்புறம் தாளை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் நின்றுபோவது போன்ற அவசரங்களில் முதல் சில செயல்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். நேரம் கிடைத்தால் தாள். நிதானமாகச் செய்ய வேண்டிய அபூர்வமான வேலைகளுக்குப் படித்து ஒன்று, செய்து ஒன்று.

செக்லிஸ்ட் வந்த கதை மாணவர்களுக்குப் பிடிக்கும். 1935 அக்டோபர் 30-ஆம் தேதி அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299 குண்டுவீச்சு விமானம் கிளம்பிய உடனே விழுந்தது. கன்ட்ரோல் லாக்கை விடுவிக்கவில்லை. ஓட்டியவர்கள் கைதேர்ந்த விமானிகள். விமானம் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத அளவு சிக்கலாகிவிட்டது என்று உணர்ந்துதான் விமானிகளுக்கான செக்லிஸ்ட் எழுதினார்கள். அந்த வடிவமைப்பே பின்னால் பி-17 ஆகப் பறந்தது.

வாயால் படித்துக் கண்ணால் பார்க்காமல் போவதைக் கவனியுங்கள். "ஃபியூயல் செலக்டர், போத்" (எரிபொருள் தேர்வுத் திருகு இரண்டு தொட்டிக்கும்) என்று பாட்டாகப் பாடிவிடுவார்கள், கண் வேறெங்கோ இருக்கும். விரலால் தொடச் சொல்லுங்கள். தொட்ட பிறகுதான் பதில்.

பரிசோதனையின் நடுவே யாராவது கூப்பிட்டால்?

இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், செய்து காட்டுங்கள். மாணவர் வலது இறக்கையில் இருக்கும்போது வேண்டுமென்றே ஏதாவது கேள்வி கேளுங்கள், போனில் ஏதாவது பார்க்கச் சொல்லுங்கள். திரும்பிப் போய் எங்கே தொடங்குகிறார் என்று பாருங்கள். விட்ட இடம் உறுதியாகத் தெரியாவிட்டால் அந்தப் பகுதியை ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும். 1987 ஆகஸ்ட் 16-ஆம் தேதி டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் 255, குறைந்த வேகத்தில் தூக்கும் சக்தியைக் கூட்டும் இறக்கைப் பலகையான ஃபிளாப்பை இறக்காமலே கிளம்பி விழுந்தது. டாக்ஸி செக்லிஸ்ட்டை அவர்கள் செய்யவில்லை. எச்சரிக்கை ஒலி அமைப்புக்கு மின்சாரம் வராததால் அதுவும் ஒலிக்கவில்லை. 156 பேர் இறந்தார்கள், விமானத்தில் இருந்தவர்களில் பிழைத்தது நான்கு வயதுக் குழந்தை ஒன்றுதான்.

ரன்-அப்பில் மாணவர்கள் அதிகம் தவறவிடுவது எது?

புறப்படும் முன் எஞ்சினை வேகமாக ஓடவிட்டுப் பார்க்கும் அந்த ரன்-அப்பில், மேக்னெட்டோ பரிசோதனையின் அர்த்தம். மேக்னெட்டோ என்பது எஞ்சினுக்குப் பற்றவைக்கும் பொறியைத் தரும் கருவி, இரண்டு இருக்கும். செஸ்னா 172எஸ் கையேட்டின்படி 1800 ஆர்பிஎம்மில் ஒரு மேக்னெட்டோவுக்கு மாற்றும்போது 150-க்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. இதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். "விழவே இல்லையென்றால்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "எஞ்சின் ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று பதில் வரும். இல்லை. விழாவிட்டால் அணைத்த மேக்னெட்டோ உண்மையில் அணையவில்லை என்று அர்த்தமாகலாம். அதைத் தரையோடு இணைக்கும் கம்பி அறுந்திருக்கும். சாவியை எடுத்த பிறகும் ப்ரொப்பெல்லரை யாராவது கையால் திருப்பினால் எஞ்சின் ஒரு வெடி வெடித்துச் சுழலக்கூடும். முதல் நாள் ப்ரொப்பெல்லர் பாடத்துக்கு இங்கேதான் முழு விளக்கம் கிடைக்கிறது.

கார்புரேட்டர் உள்ள விமானமாக இருந்தால் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்றைக் கொடுக்கும் கைப்பிடி) இழுத்ததும் ஆர்பிஎம் விழுவது சரி. விழுந்து, அப்புறம் தானாகக் கூடினால் உள்ளே பனி இருந்திருக்கிறது. சக்‌ஷன், அம்மீட்டர், எண்ணெய் அழுத்தம், வெப்பநிலை பச்சைக்குள் இருக்கிறதா என்பதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் போதும்.

மாணவருக்குத் தெரியாமல் குறை வைத்துச் சோதிக்கலாமா?

சோதிக்கலாம், சில கட்டுப்பாடுகளோடு. எளிதில் கழற்றக்கூடிய, கண்ணுக்குத் தெரியும் பொருட்களை மட்டும் வையுங்கள்: பிட்டோ உறை, சக்கரக் கட்டை, இழுவைக் கம்பி, ஓர் ஆவணத்தை எடுத்து ஒளித்துவைப்பது, தவறான நிலையில் ஒரு சுவிட்ச். திருகைத் தளர்த்துவது, எண்ணெயை வடிப்பது, பின்னைக் கழற்றுவது, டேப்பை ஒட்டுவது எதுவும் கூடாது. பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்து தேவைப்படும் எதையும் தொடாதீர்கள்.

ஒரு சிறு அட்டையில் வைத்தவற்றை எண் போட்டு எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அந்த வரியைக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வாருங்கள். முடிந்ததும் அட்டையை அவரிடம் கொடுத்து, எல்லாம் எடுக்கப்பட்டதா என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுற்று வர வேண்டும். அட்டையில் அடிக்காத ஒரு வரி இருக்கும்வரை யாரும் விமானத்தில் ஏறக் கூடாது. நீங்கள் வைத்த நான்கில் மூன்றைக் கண்டுபிடித்துவிட்டு, நீங்களே கவனிக்காத ஐந்தாவது ஒன்றை அவர் காட்டும் நாளும் வரும். அன்றைக்கு வாய்விட்டுப் பாராட்டுங்கள்.

சிமுலேட்டரிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாமே?

கருவிக் கோளாறுகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. வேக்குவம் பம்ப் மெதுவாகச் சாவதை உண்மையான விமானத்தில் காட்ட முடியாது. வெளிச் சுற்றுக்கு மட்டும் அது உதவாது. எண்ணெய்க் கசிவின் வாசனை திரையில் வராது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, கையை நீட்டித் தொட்டுப் பழகுவது செலவே இல்லாத பயிற்சி. அதைப் பாடத்திட்டத்தில் வீட்டு வேலையாகவே எழுதிவிடுங்கள்.

கருவிகளைப் பார்க்கும் பழக்கத்தில் என்ன தவறுகளைத் தேட வேண்டும்?

மூன்று. ஒரே கருவியில் கண் ஒட்டிக்கொள்வது, ஒன்றை மறந்தே போவது, பிடித்த ஒன்றை மட்டும் நம்புவது. செங்குத்து வேகமானியைத் துரத்துபவர்கள் அதிகம். அந்த முள் நிலையான அளவுக்கு வர ஆறு முதல் ஒன்பது நொடி ஆகும் என்று தெரியாமல், அது சொல்வதற்கெல்லாம் மூக்கை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார்கள். அதை மூடிவிட்டு ஆட்டிட்யூடையும் உயரமானியையும் மட்டும் வைத்து ஒரு நேர்ப் பறப்பு கொடுங்கள்.

தேர்ச்சி பெற்றுவிட்டார் என்று எப்போது முடிவு செய்வது?

நேரத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். வெளிச் சுற்று எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்று பார்க்க ஆரம்பித்தால் மாணவர் வேகத்துக்குப் பழகுவார். நான் பார்ப்பது இரண்டே: ஏதாவது ஒரு பொருளைக் காட்டி "இதை ஏன் பார்க்கிறாய், கெட்டிருந்தால் என்ன தெரியும்?" என்று கேட்டால் தயங்காமல் சொல்கிறாரா? குறை ஒன்றைக் கண்டதும் யாரும் சொல்லாமலே பறப்பை நிறுத்துகிறாரா? இரண்டாவது வராதவரை தனியாக அனுப்ப மாட்டேன்.

நன்றாகச் செய்துகொண்டிருந்த மாணவர் இப்போது பரிசோதனைகளைத் தாவிப் போகிறார். என்ன செய்வது?

ஒவ்வொரு தடவையும் பார்த்து, ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரியாகவே இருந்தால், பார்ப்பது வீண் என்று மனது முடிவுகட்டிவிடும். அனுபவம் கூடக் கூட இது கூடும். 2014 மே 31-ஆம் தேதி அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-IV ஒன்று கன்ட்ரோல் லாக் விடுவிக்காமலே ஓடுபாதையில் ஓடி, நிறுத்த முடியாமல் போய் எரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். பதிவுக் கருவியை எடுத்துப் பார்த்ததில், அதே விமானிகள் அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் கன்ட்ரோல் பரிசோதனையை முழுமையாகச் செய்யவில்லை என்று தெரிந்தது. மாடல் 299 விழுந்து எழுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே பூட்டு.

திட்டுவதால் பயனில்லை. முதலில் உங்களைப் பாருங்கள்: மாணவர் உங்களோடு பறக்கும்போது நீங்கள் எதைத் தாவுகிறீர்களோ அதையே அவரும் தாவுவார். பிறகு சில வாரங்களுக்கு ஒரு முறை, முன்னறிவிப்பில்லாமல், அட்டைச் சோதனையை மறுபடி வையுங்கள். விமானத்தையும் மாற்றிப் பாருங்கள். பழக்கமில்லாத விமானத்தில் வடிகுழாய் எங்கே, லாக் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்போது கண் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிடும். அப்படியும் தாவினால் அன்றைய பறப்பை ரத்து செய்து, காரணத்தைப் பயிற்சிப் பதிவேட்டில் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்குங்கள்.